எர்டிகாவா பொலிரோவா: கேம்பருக்கு முன்பணம் கொடுக்கும் முன்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். காட்பாடியில் வீடு, கையில் ஒரு பெட்ரோல் எர்டிகா, குடியாத்தத்தில் மாமனாரிடம் ஒரு பொலிரோ. நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று ஐந்து பேர். வருஷத்துக்கு ஆறேழு தடவை ஏலகிரி, ஜவ்வாது மலை என்று போய் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வர ஆசை. பதினாறு அடி கேரவன் ஒன்று, அதாவது காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போய் உள்ளேயே தங்குகிற ஒரு வகைக் கேம்பர், பார்த்து வைத்திருக்கிறீர்கள். எடை 980 கிலோதான், எர்டிகாவே இழுத்துவிடும் என்று சொல்லி விற்பவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அந்தக் கேரவன் மோசம் என்று சொல்லவில்லை, உங்களுக்குக் கிடைக்கிற இரண்டு வண்டிக்குமே அது பொருந்தாது. நான் ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் டிராக்டர் டிரெய்லர் கட்டும் பட்டறையில் வெல்டராகச் சேர்ந்தவன், அப்புறம் சொந்தமாகப் பட்டறை வைத்து, பன்னிரண்டு வருஷமாகச் சின்ன டிரெய்லர், கேம்பர் ரிப்பேர் எல்லாம் பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கேம்பரை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்திய பிறகுதான் "இதை எந்த வண்டி இழுக்கும்?" என்று கேட்கிறார்கள். வண்டி எவ்வளவு தாங்கும் என்பதை முதலில் எண்ணாகத் தெரிந்துகொண்டு, அந்த எண்ணுக்குள் அடங்குகிற கேம்பரைத் தேட வேண்டும். அந்த எண்ணையும் இழுக்கிற தெம்பை வைத்துப் போடக் கூடாது, மலை இறங்கும்போது பிடித்து நிறுத்துகிற தெம்பை வைத்துத்தான் போட வேண்டும். சமதரையில் ஒரு டன்னை ஒரு ஜோடி மாடே இழுத்துக்கொண்டு போகும்.

சரி, அந்த 980 கிலோவைப் பார்ப்போம். அது வெறும் வண்டியின் எடை. தண்ணீர் இல்லை, சிலிண்டர் இல்லை, படுக்கை இல்லை. நீங்கள் ஐந்து பேர் இரண்டு ராத்திரி தங்கப் போகிறீர்கள், தண்ணீர் 80 லிட்டராவது வேண்டும், அதுவே 80 கிலோ. அடுப்பும் சின்ன சிலிண்டரும் 25. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுகிற மாதிரி டியூபுலர் பேட்டரி வைத்தால் ஒன்றே 50 கிலோவுக்குக் குறையாது. மெத்தை, போர்வை 25, பாத்திரம் மளிகை 40, முன்னால் விரிக்கிற பந்தல் துணியும் கம்பியும் 30, நாற்காலி மேசை 20, துணிமணி 40, ஸ்டெப்னியும் ஜாக்கியும் டூல்ஸும் 35. கூட்டினால் 345 வருகிறது. 980 கிலோ கேரவன் ரோட்டில் ஏறும்போது 1,325 கிலோ. நான் கொஞ்சம்கூட மிகைப்படுத்தவில்லை, அம்மா கூட வந்தால் இட்லிக் குண்டானும் வரும், அந்த எடையை நான் சேர்க்கவே இல்லை.

இப்போது உங்கள் எர்டிகா 1,200 கிலோவை ஒட்டிய வண்டி. ஆர்சி புத்தகத்தில் வெற்று எடை என்று போட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள். இழுக்கிற வண்டியைவிட இழுபடுகிற வண்டி கனமாக இருந்தால் வளைவில் யார் யாரைத் திருப்புவது? கேரவன் நிறைய ஓடும் இங்கிலாந்தில் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு ஒரு அறிவுரை சொல்வார்கள், கேரவனின் நிறை எடை காரின் வெற்று எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எவ்வளவு பழகினவராக இருந்தாலும் 100ஐத் தாண்டவே கூடாது என்று. அதுவும் கார் கம்பெனி குறித்துக் கொடுத்த இழுவை எடைக்குள் இருந்தால்தான். எர்டிகாவுக்கு 85 சதவீதம் என்றால் 1,020 கிலோ. காலி கேரவனுக்கே சரியாகப் போய்விட்டது.

அந்தக் கணக்கைக்கூட எர்டிகாவுக்கு நான் போட மாட்டேன். ஏன் என்று தெரிய வேண்டுமானால் வண்டியோடு கொடுத்த கையேட்டில் டிரெய்லர் பற்றிய பக்கத்தைத் தேடிப் படியுங்கள். நம் நாட்டில் விற்கும் பல கார்களில், இந்த வண்டி ஆட்களையும் அளவான சாமான்களையும் ஏற்றத்தான் செய்யப்பட்டது, டிரெய்லர் இழுக்கப் பரிந்துரைக்கவில்லை என்று நேராகவே எழுதியிருப்பார்கள். அப்படி எழுதியிருந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது. டோ பார், அதாவது டிரெய்லரைக் கோத்து இழுக்க வண்டியின் பின்னால் போடுகிற கொக்கிச் சட்டம், மாட்டித் தருகிறேன் என்று யாராவது ஒரு பட்டறைக்காரர் சொல்வார், நானே மாட்டலாம், ஆனால் கிளட்ச் போனால் வாரண்டி இல்லை, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கிற முதல் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. வெளிநாட்டில் இதே கார் ஒன்றரை டன் இழுக்கிறது என்று வீடியோ பார்த்துவிட்டு வந்து சொல்கிறவர்கள் உண்டு. பேர் ஒன்றாக இருக்கும், கியர் விகிதம், ரேடியேட்டர், பிரேக், பின் ஸ்பிரிங் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இங்கே விற்ற வண்டிக்கு இங்கே கொடுத்த கையேடுதான் கணக்கு.

பொலிரோ பக்கம் வருவோம். நிறையப் பேர் குதிரைத்திறனைப் பார்த்து ஏமாறுகிற இடம் இது. எர்டிகாவின் 1.5 பெட்ரோல் என்ஜின் 103 குதிரைத்திறன், பொலிரோவின் 1.5 டீசல் வெறும் 75. அப்படியானால் எர்டிகாதானே பலசாலி என்று கேட்பார்கள். சக்கரத்தைச் சுழற்றுகிற தெம்பான முறுக்கு விசையைப் (டார்க்) பாருங்கள்: எர்டிகாவுக்கு 137 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,400 ஆர்பிஎம் போனால்தான். பொலிரோவுக்கு 210, அது 1,600 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. ஏலகிரி கொண்டை ஊசி வளைவில் முன்னால் போகிற டெம்போ நின்றுவிட்டது, நீங்களும் நின்றீர்கள், மறுபடி ஏற்றத்தில் கிளப்ப வேண்டும். எர்டிகாவில் ஆக்ஸிலேட்டரை அலற விட்டு, பாதிக் கிளட்சில் பிடித்துக் கிளப்புவீர்கள், நாலாவது வளைவிலேயே கிளட்ச் தட்டு கருகுகிற நாற்றம் வரும். பொலிரோ முதல் கியரில் முனகிக்கொண்டே ஏறிவிடும். வேகம் இருக்காது, மலையில் வேகம் யாருக்கு வேண்டும்?

இன்னொன்று, பொலிரோ ஏணி மாதிரி சேஸிஸ் மேல் பாடி உட்கார்ந்த வண்டி. டோ பாரை அந்தச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கலாம், இழுப்பு நேராகச் சட்டத்துக்குப் போகும். எர்டிகாவில் தனிச் சட்டம் கிடையாது, தகட்டுப் பாடியே சட்டம். பின் சக்கரம் தள்ளுகிற வண்டி என்பதும் பொலிரோவுக்குச் சாதகம். கொக்கியில் பாரம் உட்கார்ந்தால் பின் சக்கரம் தரையை இன்னும் அழுத்திப் பிடிக்கும். எர்டிகா முன் சக்கரத்தால் இழுக்கிறது. உங்கள் 1,325 கிலோ கேரவன் கொக்கியில் 130 கிலோ வைக்கிறது என்று வையுங்கள். கொக்கி பின் ஆக்ஸிலுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் பின்னால் இருக்கிறது, இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவே 2.74 மீட்டர். ஏற்றமரம் மாதிரிதான், பின்னால் அழுத்தினால் முன்னால் தூக்கும்: முன் ஆக்ஸிலில் 47 கிலோ குறையும், பின் ஆக்ஸிலில் 177 கிலோ ஏறும். இழுக்கிற சக்கரமும் திருப்புகிற சக்கரமும் முன்னால்தான் இருக்கிறது, அங்கேதான் பாரம் குறைகிறது. மழை பெய்த மலைப் பாதையில் இது என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கொக்கிப் பாரத்தைத்தான் நம் ஊர் வண்டிக்காரர்கள் முன்பாரம் என்பார்கள். என் தாத்தா ஆற்காடு பக்கம் மாட்டு வண்டியில் நெல் மூட்டை அடித்தவர். மூட்டை அடுக்கி முடித்ததும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். பின்பாரம் ஆகிவிட்டால் நுகம் மேலே எழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும், முன்பாரம் அதிகமானால் மாடு முட்டி போடும். கொஞ்சம் முன்பாரமாக, மாட்டுக் கழுத்தில் நுகம் படிந்து உட்காருகிற மாதிரி ஒரு மூட்டையை முன்னே பின்னே நகர்த்தி வைப்பார். கேம்பரும் அதே கணக்குதான், ஒரு துளி மாற்றம் இல்லை. அமெரிக்காவில் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருக்க வேண்டும் என்பார்கள், ஆஸ்திரேலியாவில் 10ஐ ஒட்டி, சின்ன கார்கள் அதிகம் ஓடும் இங்கிலாந்தில் 5 முதல் 7. நான் நம் ஊர் வண்டிகளுக்கு 8 முதல் 10 வைக்கிறேன், கொக்கி தாங்கும் அளவைத் தாண்டாமல்.

பின்பாரம் ஆனால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் என் மைத்துனருக்காக ஒரு சின்ன கேம்பர் தயார் செய்தோம், பின்பக்கக் கதவைத் தூக்கினால் அடுப்படி, அதற்குக் கீழே எண்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி. இடம் வசதியாக இருக்கிறதே என்று பின்னாலேயே இரண்டு அரிசி மூட்டையும் வைத்துவிட்டார். பள்ளிகொண்டா தாண்டி ஆம்பூர் பக்கம் போய்க்கொண்டிருந்தோம், எண்பது கிலோமீட்டர் வேகம் இருக்கும். ஒரு ஆம்னி பஸ் எங்களை வேகமாகத் தாண்டியது. பஸ்ஸின் காற்று முதலில் கேம்பரைத் தள்ளியது, அப்புறம் இழுத்தது. கண்ணாடியில் பார்த்தால் கேம்பரின் இடது மூலை தெரிகிறது, மறைகிறது, வலது மூலை தெரிகிறது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெரிசு. ஸ்டியரிங் கையில் லேசாகிவிட்டது. மைத்துனர் பிரேக்கில் காலை வைக்கப் போனார், நான் கத்தினேன், வைக்காதே, ஆக்ஸிலேட்டரை மட்டும் விடு, ஸ்டியரிங்கை நேராகப் பிடி என்று. ஐந்தாறு ஆட்டம் ஆடி, வேகம் அறுபதுக்கு இறங்கினதும் தானாக அடங்கியது. மாதனூர் பக்கம் ஓரம் கட்டினோம். தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டோம், அரிசி மூட்டைகளை முன்பக்கம் மாற்றினோம். வேறு எதையும் தொடவில்லை. அங்கிருந்து ஆம்பூர் வரை அதே எண்பதில் போனோம், கம்பி மேல் போகிற மாதிரி போனது. அன்றிலிருந்து பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி வைத்த கேம்பரை வாங்கச் சொல்லி நான் யாருக்கும் சொல்வதில்லை. தொட்டி ஆக்ஸிலுக்கு நேர் மேலே, இல்லை ஒரு சாண் முன்னால் இருக்க வேண்டும். நீங்கள் பார்த்த கேரவனிலும் குனிந்து தொட்டி எங்கே என்று பாருங்கள்.

கொக்கிப் பாரத்தை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அரிசி மண்டியில் மூட்டை போடுகிற மேடைத் தராசு போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, எல்லாச் சாமானும் தண்ணீரும் ஏற்றின பிறகு, கப்ளரின் (டிரெய்லர் முனையில் கொக்கியைக் கவ்வுகிற பூட்டு) அடியில் கொக்கி உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை நிறுத்தி அதைத் தராசில் உட்கார வையுங்கள். வருகிற எண்தான் முன்பாரம். மொத்த எடைக்கு ரோட்டோரத்து லாரி எடைமேடை இருக்கிறது.

இனி மலை இறக்கம். இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். மலை அடிவாரத்துப் பொன்னேரியில் இருந்து ஏலகிரிக்குப் பதினாலு கொண்டை ஊசி வளைவு. வளைவுகளுக்குப் புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளைப் படித்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். மேலே ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டரை ஒட்டி இருக்கிறது, அடிவாரத்திலிருந்து அறுநூறு மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். ஏறுவதை என்ஜின் பார்த்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தனை உயரத்தையும் பிரேக்கால் இறக்க வேண்டும். பொலிரோ, ஐந்து பேர், சாமான் என்று 2,000 கிலோ. அந்த எடையை நிறுத்தத்தான் அதன் பிரேக்கைச் செய்திருக்கிறார்கள். பின்னால் பிரேக் இல்லாத 1,325 கிலோவை மாட்டினால் அதே பிரேக் மூன்றில் இரண்டு பங்கு கூடுதல் எடையைப் பிடிக்க வேண்டும், ஒரு தடவை அல்ல, பதினாலு வளைவிலும். பிரேக் பேட் சூடேறினால் பிடிப்பு குறையும், திரவம் கொதித்தால் பெடல் தரையைத் தொடும். பொலிரோவுக்கு பின்னால் டிரம் பிரேக், சூடு சீக்கிரம் வெளியேறாது.

அதனால்தான் உலகத்தில் பல இடங்களில் 750 கிலோவில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அதற்கு மேல் போனால் டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இருந்தே ஆக வேண்டும். இங்கிலாந்தில் பிரேக் இல்லாத டிரெய்லர் காரின் வெற்று எடையில் பாதியையும் தாண்டக் கூடாது. நம் நாட்டு விதியிலும் 750 கிலோ வரை டி1, அதற்கு மேல் மூன்றரை டன் வரை டி2 என்று பிரித்திருக்கிறார்கள். எர்டிகாவின் பாதி 600, பொலிரோ 1,600ஐ ஒட்டிய வண்டி, பாதி 800. என் பேச்சைக் கேட்டால், மலைக்குப் போகிற நீங்கள் 750க்குக் கீழே இருந்தாலும் பிரேக் உள்ளதையே எடுங்கள். ஓவர்ரன் பிரேக் என்று ஒன்று உண்டு, கார் வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னால் முட்டுகிறது இல்லையா, அந்த முட்டலே ஒரு தண்டை உள்ளே தள்ளி டிரெய்லர் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். காரில் ஒயர் வேலை எதுவும் வேண்டாம். பின்னால் எடுக்கும்போதும் அது முட்டும் என்பதால் ரிவர்ஸில் பிரேக் பிடித்துக்கொள்ளாத வகையா என்று கேட்டு வாங்குங்கள். மின்சார பிரேக் இன்னும் நயமாகப் பிடிக்கும், ஆனால் காரில் கன்ட்ரோலர் மாட்ட வேண்டும், ரிப்பேர் என்றால் நம் பக்கத்தில் தெரிந்த ஆட்கள் குறைவு. எது இருந்தாலும் ஏறின கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை ஓயாமல் லேசாக மிதித்துக்கொண்டே இறங்காமல், வேகம் கூடினதும் ஒரு தடவை அழுத்திக் குறைத்துவிட்டு விடுங்கள், அது ஆறட்டும்.

ஆக, எந்தக் கேம்பர்? எர்டிகாவை விட்டுவிடுங்கள், பொலிரோவின் கையேட்டைப் பார்த்து, கம்பெனி சர்வீஸ் சென்டரில் இழுவை எடை எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது இடம் கொடுத்தால், எல்லாம் ஏற்றின பிறகு 700 கிலோ, பிரேக்கோடு, மடக்குக் கூடார வகை. இதுதான் என் பதில். ரோட்டில் போகும்போது இடுப்பு உயரப் பெட்டியாக இருக்கும், இடம் சேர்ந்ததும் மூடியைத் திறந்தால் இரண்டு பக்கமும் கட்டில் விரிந்து மேலே கேன்வாஸ் கூடாரம் எழும்பும். நாலு பேர் படுக்கலாம், பிள்ளைகளில் ஒருவருக்கு நடுவில் தரையில் மெத்தை போடலாம். உங்கள் அம்மாவுக்குக் கீழ்க் கட்டில் இருக்கிறதா, ஏணி ஏற வேண்டுமா என்று அவரையே கூட்டிப்போய்ப் பாருங்கள். ராத்திரி இரண்டு தடவை எழுந்து போகிறவருக்கு ஏணி ஆகாது. காரின் கூரைமேல் மாட்டுகிற கூடாரமும், கூடாரம் வைத்த பெட்டி டிரெய்லரும் அழகாக இருக்கும், எடையும் 500க்குள் நிற்கும், அம்மா கூட வராவிட்டால் அதையே சொல்லியிருப்பேன். முட்டை வடிவ டியர்டிராப் இரண்டு பேருக்கு மட்டும்தான்.

மடக்கு வகையை நான் சொல்வதற்கு எடை மட்டும் காரணம் அல்ல. காற்று. பதினாறு அடி கேரவன் ஒரு சுவரை முதுகில் கட்டிக்கொண்டு போகிற மாதிரி, எழுபது தாண்டினால் 75 குதிரைத்திறன் வண்டியில் மூச்சு வாங்கும். மடக்கின பெட்டி காரின் முதுகுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். அமிர்தி வழியாகவோ ஆலங்காயம் வழியாகவோ ஜவ்வாது மலை மேல் ஜமுனாமரத்தூர் போகிற பாதையில் கிளைகள் தாழ்ந்திருக்கிற இடங்கள் உண்டு, எதிரே பஸ் வந்தால் ஓரத்தில் ஒதுங்கித்தான் ஆக வேண்டும், உயர்ந்த கேரவனின் மேல் மூலை கிளையில் மாட்டும். வளைவில் டிரெய்லர் சக்கரம் காரின் தடத்தைவிட உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், நீளம் கூடக் கூட வெட்டும் கூடும். பதினாறு அடியோடு கொண்டை ஊசி திரும்பினால் எதிர் ரோட்டை முழுசாக எடுக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் வெயில். நம் ஊரில் மே மாசம் நாற்பது டிகிரி தாண்டுவது புதிதல்ல. தகட்டுச் சுவருக்குள் பகலில் உட்கார முடியாது, ஏசி போட்டால் ஜெனரேட்டர், ஜெனரேட்டர் வைத்தால் இன்னும் எடை. கேன்வாஸ் நாலு பக்கமும் கொசுவலை ஜன்னலைத் திறந்துவிட்டால் மரத்தடியில் பிழைத்துக்கொள்ளலாம். அதே கேன்வாஸ் ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்து மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், வீட்டுக்கு வந்ததும் விரித்து உலர்த்த மொட்டை மாடியோ வாசலோ வேண்டும். காட்பாடி வீட்டில் அதற்கு இடம் இருக்கிறதா என்பதையும் இப்போதே யோசியுங்கள்.

ஆக்ஸில், ஹப் (சக்கரத்தின் நடுக் குடம்), டயர் விஷயத்தில் ஒரே பிடிவாதம் பிடியுங்கள்: நடுரோட்டில் நின்றால் வாணியம்பாடியில் கிடைக்க வேண்டும். இறக்குமதி செய்த அழகான ஹப்புக்கு பேரிங் தேடி சென்னைக்கு ஆள் அனுப்பினவர்களைப் பார்த்திருக்கிறேன். டாடா ஏஸுக்குப் போடுகிற 145 ஆர்12 அளவு சரக்கு வண்டி டயர் எந்த ஊர் பஞ்சர் கடையிலும் கிடைக்கும், 700 கிலோவுக்கு இரண்டு டயர் தாராளம். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். கேம்பர் டயர் தேய்ந்து சாவது அரிது, வெயிலில் நின்றே வெடிக்கும், ஆறு வருஷம் ஆனதைப் பார்க்க எவ்வளவு புதிதாக இருந்தாலும் மாற்றச் சொல்லுங்கள். கிளம்பி இருபது கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்தி இரண்டு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால் சரி. கை வைக்க முடியாமல் ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங் இறுக்கமாக இருக்கிறது, இல்லை கிரீஸ் இல்லை, இல்லை பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. அதோடு மலை ஏறாதீர்கள்.

டோ பார் சேஸிஸில் போல்ட்டால் இறுக்கினதாக இருக்கட்டும், சேஸிஸில் வெல்டிங் வைக்க விடாதீர்கள், வெல்டராகச் சொல்கிறேன், சூடு பட்ட இடத்தின் ஓரத்தில்தான் அப்புறம் விரிசல் விடும். கொக்கியின் பந்து 50 மில்லிமீட்டரா, கப்ளரும் அதே அளவா என்று பாருங்கள். பாதுகாப்புச் சங்கிலி இரண்டு, டிரெய்லரின் முன்தண்டான டிராபாருக்கு அடியில் குறுக்காகப் போட வேண்டும், கொக்கி கழன்றால் டிராபார் தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலி ஏந்திக்கொள்ளும்.

பேப்பர் விஷயம். டிரெய்லருக்குத் தனி ஆர்சி, தனி இன்சூரன்ஸ். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் டிரெய்லருக்குப் போக்குவரத்து அல்லாத வண்டிகளின் வகையிலேயே ஒரு இடம் இருக்கிறது, வாடகைக்கு விட்டால் கதை வேறு. ஆனால் பதிவு ஆக வேண்டுமானால் ஏஆர்ஏஐ மாதிரி சோதனை அமைப்பின் ஒப்புதல் வாங்கின மாடலாக இருக்க வேண்டும். பட்டறையில் கட்டினது எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அந்தச் சான்று இல்லாமல் ஆர்டிஓ அலுவலகத்தில் நகராது. பட்டறைக்காரனான நானே இதைச் சொல்கிறேன். உங்களுக்கு வேலூர் டிஎன் 23, போய் டிரெய்லர் பதிவு பற்றி நேரில் கேட்டுவிட்டு வந்து விற்பவரிடம் அந்தச் சான்றின் நகலைக் கேளுங்கள். "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற பதில் வந்தால் அடுத்த ஆளைப் பாருங்கள். பொலிரோவின் இன்சூரன்ஸ்காரருக்கும் டோ பார் மாட்டியதை எழுத்தில் தெரிவியுங்கள், வண்டி மாமனார் பெயரில் இருப்பதால் அவரையும் கலந்துகொண்டு செய்யுங்கள்.

எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்பதும் வாங்கும் முன்பே தெரிய வேண்டும். ஜவ்வாது மலையில் நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது, காப்புக் காடு, வனத்துறை அனுமதி வேண்டும். தெரிந்தவர் நிலம், தோப்பு, கேம்பர் நிறுத்த ஒத்துக்கொள்கிற விடுதி என்று இரண்டு மூன்று இடமாவது போனில் பேசி வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே டிரெய்லர் திரும்ப இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

முதல் மலைப் பயணத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காலி மைதானத்தில் ரிவர்ஸ் பழகுங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில் கையை வையுங்கள், டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள், குழப்பமே வராது. ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். அப்புறம் சமதரையில் ஆற்காடு வரை, அடுத்த வாரம் ஆம்பூர் வரை, எழுபதைத் தாண்டாமல். அதற்குப் பிறகுதான் பொன்னேரி.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். மாமனாரிடம் பொலிரோவை வாங்கி, ஐந்து பேரும் வழக்கமான சாமானோடு ஏறி, எடைமேடைக்குப் போங்கள். முழு வண்டி, முன் ஆக்ஸில் மட்டும், பின் ஆக்ஸில் மட்டும் என்று மூன்று சீட்டு வாங்குங்கள். அந்த மூன்று எண்ணையும், கையேட்டில் அதிகபட்சம் என்று போட்டிருக்கிற நிறை எடையையும் இங்கே எழுதுங்கள். கொக்கியில் எத்தனை கிலோவுக்கு இடம் மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன், 700 கிலோ என்று நான் சொன்னதை அப்போது கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.